முப்பத்தோரு மணி நேரத் தரை

அந்தக் காதுல மாட்டியிருக்கறதக் கொஞ்சம் கழட்டுனீங்கன்னா ஒண்ணு கேப்பேன் தம்பி. ரெண்டும் வேணாம், ஒரு காது போதும். ராஜபாளையந்தானே இறங்குறீங்க? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. உங்களப் பாத்தா கம்ப்யூட்டர் படிச்ச புள்ள மாதிரி இருக்கு. ஒரு படத்தை முழுசாப் பாக்காமயே முழுசாப் பாத்த மாதிரி பேசுறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா? செல்லுல கேட்டா அதுவே கதைய நாலு வரியில சொல்லிருதாமே.

கதையிருந்தா சொல்லும்ங்கிறீங்களா. அதான் இல்லையே. முப்பத்தோரு மணி நேரம் ஓடுது தம்பி, ஒரு படம். சிரிக்காதீங்க. காலையில போட்டா மறுநா சாயங்காலம் முடியும். அதுல கதையும் கிடையாது, பாட்டும் கிடையாது. பேரு என்ன தெரியுமா? 'தரை'. அந்தத் தரை பூராவும் நான் எடுத்தது. ஆனா படம் எடுத்தது நான் இல்ல. புரியலைல்ல? எனக்கே புரியல. என் வீட்டுக்காரிக்குப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சுபோய்த்தான் ரெண்டு மாசமா அவ அண்ணன் வீட்டுல ராஜபாளையத்துல உக்காந்திருக்கா. அவளக் கூட்டியாரத்தான் போறேன்.

திருமங்கலத்துல மின்னல் வீடியோஸ் குருநாதன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் தாலி ஏறுன கழுத்துல பாதிக்குப் பாதி என் கேமரா பாத்த கழுத்துதான். இப்பத்தான் ஆகாசத்துல பறக்க விட்டு எடுக்குறாய்ங்க. நம்ம காலத்துல கேசட்டு. நம்ம வேலைன்னா தனியாத் தெரியும். தாமரைப் பூ விரியும், உள்ள பொண்ணு உக்காந்திருக்கும். ஆப்பிள் ஒண்ணு உருண்டு வந்து ரெண்டாப் பொளக்கும், ஒரு துண்டுல மாப்பிள்ள, ஒரு துண்டுல பொண்ணு. ஒரு கல்யாணத்துல மாமனாரு மூஞ்சியச் சூரியனுக்குள்ள வச்சுக் குடுத்திருக்கேன். அந்த மனுசன் அழுதுட்டாரு.

என் வீட்டுக்காரி பேரு பூரணம். லைட்டுப் புடிக்கிறது அவதான். முதல்ல ஒரு ஆளு வச்சிருந்தேன். பொண்ணுக்கு அலங்காரம் பண்ற ரூமுக்குள்ள ஒரு ஆம்பள லைட்டத் தூக்கிக்கிட்டு வந்தா பொம்பளைங்க சங்கடப்படுறாங்கன்னு பேச்சு வந்துச்சு. நானும் உள்ளதான் போறேன், ஆனா அது வேற. நான் கலைஞன். அதனால இவளக் கூப்புட்டேன். வீட்டு ஆளுன்னா ஒரு சௌகரியம். வீட்டுல சும்மா இருக்கறதுக்கு நாலு கல்யாணத்தப் பாத்த மாதிரியும் ஆச்சுன்னு சொன்னேன். லைட்டு என்ன, ஒரு அரைச் சாக்கு அரிசி கனம்கூட இருக்காது. தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான். அவளும் வருசக்கணக்கா நின்னா.

இப்ப அந்தத் தரைக்கு வாரேன். பழைய கேமராவுல சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். ஒருக்க அமுக்குனா ஓடும், இன்னொருக்க அமுக்குனா நிக்கும். ஒரே பட்டன். அவசரத்துல ஒரு அமுக்கு தப்பிருச்சுன்னு வைங்க, போச்சு. அதுக்கப்புறம் நாம எடுக்குறோம்னு நெனக்கிறப்ப நிக்கும், நிறுத்திட்டோம்னு நெனச்சுத் தோள்ல தொங்கப் போட்டா ஓடும். தாலி கட்டு இருக்காது. தாலி கட்டி முடிச்சப்புறம் பந்திக்குப் போன செருப்பு, ஜமுக்காளம், எலைக்கட்டு, அதெல்லாம் சத்தத்தோட இருக்கும். இந்தத் தொழில்ல இது நடக்காத ஆளு கிடையாது. எனக்குக் கொஞ்சம் அதிகமா நடந்துச்சு, அவ்வளவுதான். நான் உணர்ச்சிவசப்பட்டு எடுக்குற ஆளு.

அந்தக் கேசட்டெல்லாம் பரண்ல மூட்டை மூட்டையாக் கெடந்துச்சு. ஒரு நா மெட்ராஸ்லேருந்து நிரஞ்சன்னு ஒரு பையன் வந்தான். தாடி, ஜோல்னாப் பை. சார், உங்க பழைய கேசட்டெல்லாம் வேணும், படம் பண்றேன்னான். கடைசியில நம்ம அருமை ஒருத்தனுக்காவது தெரிஞ்சிச்சேன்னு நானே ஏணி போட்டுப் பரண்ல ஏறுனேன். தாமரைப் பூ கேசட்ட எடுத்துக் குடுத்தேன். வேணாம்னுட்டான். ஆப்பிள் கேசட்டு? வேணாம். நீங்க வேணாம்னு வச்சது எதுவோ அது வேணும் சார்ங்கிறான். தன்னடக்கமான பையன், நல்லதக் கேக்கக் கூச்சப்படுறான்னு நெனச்சு, மூட்டையத் தூக்கி ஆட்டோவுல ஏத்தி விட்டதே நான்தான்.

ரெண்டு வருசம் சத்தமே இல்ல. அப்புறம் போன் வந்துச்சு. மதுரையில படத்தப் போடுறோம், நீங்களும் அம்மாவும் அவசியம் வரணும்னான். எந்தத் தியேட்டர்னேன். தியேட்டர் இல்ல சார், இது அண்டர்கிரவுண்ட் சினிமான்னான். போலீஸ் கேசு எதும் வருமாப்பான்னு கேட்டேன். அதெல்லாம் வராது சார், யாரும் பாக்க மாட்டாங்க, அதனாலதான் அந்தப் பேருன்னான். மூடிப்போன ஒரு டுடோரியல் காலேஜ்ல மூணாவது மாடி. மொத்தம் இருபது பேரு இருந்தா அதிகம். பாயி, தலகாணி, பன்னு பாக்கெட்டோட வந்திருக்காய்ங்க. பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போனது நான் ஒருத்தன்தான்.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன். இந்த மாதிரி இடத்துல பொன்னாடை வாங்கணும்னு இவய்ங்களுக்குத் தோணாது. அதனால நானே நல்லதா ஒண்ணு, ஜரிகை வச்சது, வாங்கிட்டுப் போயி அந்தப் பையன்கிட்டத் தனியாக் கூப்புட்டுக் குடுத்து வச்சேன். எல்லா ஊருலயும் நடக்கறதுதானே. நம்ம வீடியோக்காரங்க சங்கத்துல தலைவருக்கு வருசா வருசம் அவரு பொன்னாடைய அவரேதான் வாங்கியாந்து குடுப்பாரு. நிரஞ்சன் அதப் பிரிச்சுப் பாத்தான், என்னையப் பாத்தான், ரொம்ப நன்றி சார்னான். நான் போயி மொத வரிசையில பாயில உக்காந்துக்கிட்டேன். கூப்புட்டா எந்திரிக்கச் சௌகரியமா காலக்கூட மடக்கல.

அவன் மைக்கப் புடிச்சு, இந்தப் படத்துல வர்ற வெளிச்சம் முழுக்க ஒருத்தரோட கையிலேருந்து வந்ததுன்னான். என்னையத்தான் சொல்றான். எந்திரிச்சு நின்னுட்டேன் தம்பி. அவன் என்னையத் தாண்டிப் போறான். போயி, கடைசியில செவுத்தோரமா உக்காந்திருந்தாளே பூரணம், அவளக் கூப்புட்டு, நான் வாங்குன பொன்னாடைய அவளுக்குப் போத்துறான். இருபது பேரும் கை தட்டுறாய்ங்க. அவ என்னையப் பாக்குறா. நான் எந்திரிச்சு நிக்கிறேன். எந்திரிச்சுட்டு என்ன பண்றது? நானும் கை தட்டுனேன்.

அப்புறம் படம் ஓடுச்சு. தரை. கல்யாண மண்டபத்துத் தரை, சமையக்கட்டுத் தரை, கொட்டகையில மண்ணு. நடக்கற காலு. கால் மணி நேரம் ஒரு சோத்துப் பானையோட அடி. எப்பவாச்சும் லைட்டு சாஞ்சிருந்தா ஓரமா பூரணத்தோட கை தெரியும், பாதி மூஞ்சி தெரியும். கடைசிப் பந்தியில உக்காந்து ரசத்தக் குடிக்கிறா, அத எம்பக்கத்துல ஒருத்தன் கண்ணு கலங்கிப் பாக்குறான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. நான் சூரியனுக்குள்ள மாமனார வச்சவன். எனக்குத் தட்டாத கைய ரசம் குடிக்கிறதுக்குத் தட்டுறாய்ங்க.

அதவிட, படம் பூரா என் சத்தம். மூஞ்சி இல்ல, சத்தம் மட்டும். "லைட்டத் தூக்குடி." "கை ஏண்டி நடுங்குது?" "எங்கடி பாக்குற?" தொழில்னா நாலு வார்த்த வரத்தான் செய்யும். தொடர்ந்து வர்றப்பத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. பக்கத்துப் பாயில உக்காந்திருந்த பொம்பளப் புள்ளைங்க என்னையத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சுங்க. குரல அடையாளம் கண்டுக்கிட்டாங்கன்னு நானும் லேசாத் தலையாட்டி வச்சேன்.

மத்தியானம் ஒரு பார்ட்டி வர்றேன்னு சொல்லியிருந்துச்சு, கெளம்புவோம்னேன். நீங்க போங்க, நான் இருந்து பாத்துட்டு வர்றேன்னா பூரணம். கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் கெளம்புவோம்னு சொல்லி அவ இருக்கேன்னு சொன்னது அன்னிக்குத்தான். சரி, பொன்னாடை போத்துனதுல கொஞ்சம் தலைக்கு ஏறியிருக்கு, தன்னால இறங்கும்னு விட்டுட்டு வந்துட்டேன்.

மறுநா சாயங்காலந்தான் வந்தா. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. சாப்புட்டீங்களான்னு கேட்டா. ரசம் வச்சா, அப்பளம் பொரிச்சா, எனக்குப் போட்டா. நான் கை கழுவிட்டு வர்றப்ப பையோட நிக்கிறா. அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேங்கன்னா. அவ அண்ணன் ராமசுப்பு, எனக்கு மச்சான், நல்ல மனுசன், பருத்தி யாவாரம். சரி போயிட்டு வான்னேன். சண்ட கிண்ட ஒண்ணும் போடல. சண்ட போட்டிருந்தாலாவது என்ன ஏதுன்னு தெரிஞ்சிருக்கும்.

பத்துப் பதினஞ்சு நாளாச்சு, ஆளக் காணோம். போன் பண்ணேன். எப்ப வர்றேன்னு கேட்டதுக்கு அவ சொல்றா, "படத்த முழுசாப் பாத்தீங்களா?" நான் எடுத்தத நான் எதுக்குடி பாக்கணும்னேன். "பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்"னு வச்சுட்டா. நல்லாக் கேட்டுக்கங்க. குடிக்கக் கூடாதுன்னு சொல்லல, அடிக்கக் கூடாதுன்னு சொல்லல. நான் அதெல்லாம் பண்றவனும் இல்ல. படம் பாக்கணுமாம். இந்த மாதிரி ஒரு கண்டிசன் எந்த ஊருலயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

அதுல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இவளுக்குக் கோவம் என்மேல இல்ல, என் சத்தத்து மேலதான். அத எடுத்துட்டா விவகாரம் முடிஞ்சது. நிரஞ்சனுக்குப் போனப் போட்டேன். என் அனுமதியில்லாம என் குரலப் போட்டிருக்க, கோர்ட்டுக்குப் போவேன்னு ஒரு புடி புடிச்சேன். பய கொஞ்சங்கூட அசரல. எடுத்துரலாம் சார், இப்ப மிஷின்ல ஒரு குரல மட்டும் தனியாப் பிரிக்கலாம், உங்களோடத மட்டும் சுத்தமா எடுத்துர்றேன்னான். எடுத்துட்டு, மிச்சப் படத்த ஒரு சின்னப் பெட்டியில போட்டு அனுப்பியும் வச்சான். இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு.

ஜெயிச்சிட்டேன்னு நெனச்சுப் போட்டுப் பாத்தேன் தம்பி. என் சத்தம் இல்லதான். ஆனா அதுக்கு அடியில அவ சத்தம் இருக்கு.

பேசியிருக்கா. அத்தன வருசமும் நான் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் வாய்க்குள்ளயே பதில் சொல்லியிருக்கா. நான் கத்துறதுல எனக்கே கேக்கல. நான் என்ன கத்துனேன்னு எனக்குத் தெரியும்ல, அதனால எது எதுக்குப் பதில்னு கண்டுபுடிச்சிட்டேன். லைட்டத் தூக்குடின்னு நான் சொல்ற எடத்துல, பொண்ணு அழுகுது, கண்ணக் கூசும்னுதான் இறக்குனேங்கிறா. கை ஏண்டி நடுங்குதுன்னதுக்கு, "விடியக்காலையிலேருந்து நிக்கிறேனே, ஒரு வாய் காப்பி குடிச்சியான்னு கேட்டியா?" கேட்டியா! ஒருமையில தம்பி. மூஞ்சிக்கு நேரா வாங்க போங்க, வாய்க்குள்ள வா போ. எங்கடி போய்த் தொலைஞ்சேன்னதுக்கு, "ஒண்ணுக்குப் போனேன் மகாராசா, அதையும் எடுக்கணுமா?" ஒரு பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது, சிரிக்கச் சொல்லுடின்னு நான் பத்துத் தடவ கத்தியிருப்பேன். இவ அந்தப் பொண்ணுகிட்ட, "உனக்கு வரலைன்னா விடு தாயி, நான் லைட்ட அந்தப் பக்கம் திருப்பிக்கிறேன்"னு சொல்றா. தொழிலுக்கே துரோகம். அந்தக் கேசட்டு இருட்டா இருக்குன்னு அந்தப் பார்ட்டி என்கிட்டச் சண்டைக்கு வந்துச்சு, நான் மண்டபத்துக் கரண்ட்டக் குத்தம் சொல்லி அனுப்பிச்சேன்.

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். இத அப்படியே கொண்டுபோய் மச்சான் வீட்டு நடுக்கூடத்துல போட்டுக் காட்டணும், உங்க தங்கச்சி பவுசப் பாருங்கன்னு கேக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு உக்காந்தேன். ஒவ்வொரு எடமாக் குறிச்சுக்கிட்டே வந்தேன்.

ஒரு எடத்துல மட்டும் பதில் இல்ல. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். நாலு பேரு முன்னாடி நான் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உனக்குச் சோறு போடுறதே தண்டம்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். இப்ப என் சத்தம் இல்லாம அந்த எடம் சும்மா ஓடுது. என்ன சொல்லப்போறாளோன்னு நானும் காதத் தீட்டிக்கிட்டு இருக்கேன். ஒண்ணுஞ் சொல்லல. லைட்டு மட்டும் மெதுவா மணமேடையிலேருந்து இறங்கித் தரைக்கு வருது. அங்கயே நிக்குது. ரொம்ப நேரம் நிக்குது.

அத்தோட சத்தத்த நிறுத்திட்டேன். ஏன்னு கேக்காதீங்க. பயமா இருந்துச்சு. மிச்சத்த வேகமா ஓட்டி விட்டுத்தான் பாத்தேன். எங்க தொழில்ல எல்லாமே ஓட்டிப் பாக்கறதுதான், பழக்கம். ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டேன். அப்புறம் நிரஞ்சனுக்குப் போன் போட்டுத் தம்பி, என் குரலத் திரும்பப் போட்டுருப்பா, அது இருந்தாத்தான் கொஞ்சம் நல்லா இருக்குன்னு கெஞ்சுனேன். முடியாது சார், எல்லாரும் இதுதான் பிரமாதம்ங்கிறாங்க, இதத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புறோம்னுட்டான். போச்சா? என் தயவுலதான் அவ பேச்சு உலகம் பூரா கேக்கப்போகுது. அதுக்கு ஒரு நன்றிகூட இல்ல.

அதனாலதான் உங்ககிட்டக் கேட்டேன். முழுசாப் பாத்தேன்னுதான் சொல்லப் போறேன். ஓட்டிப் பாத்தாலும் பாத்தது பாத்ததுதானே? அவ ஏதாச்சும் கேள்வி கேட்டா என்ன சொல்றதுங்கறதுதான் ரோசனையா இருக்கு. வீட்டுல ஒண்ணும் சரியில்ல தம்பி. சாயங்காலமானா வீடு என்னமோ மாதிரி இருக்கு. திட்டுறதுக்குக்கூட ஆளில்ல. இன்னிக்கு அவ வரலைன்னா எனக்கு அடுத்தாப்புல என்ன பண்றதுன்னு தெரியாது.

ஒரு நிமிசம். அவதான் கூப்புடுறா.

ஆங், பூரணம்... கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டேன்... பஸ்ஸுலதான்... பாத்துட்டேன்டி. பூராத்தையும் பாத்துட்டேன். பாக்காமலா வருவேன்... கடைசியிலயா? கடைசியில நீ என்ன சொன்னேன்னா கேக்குற? என்னத்தச் சொன்ன, வழக்கம்போல என்னைய வஞ்சுக்கிட்டு இருந்த... ம்... ம்... என்ன?... பூரணம்? ஹலோ?

வச்சுட்டா.

இல்ல, சிக்னல் இருக்கு. அவதான் வச்சுட்டா. கடைசியில அவ பேசவே இல்லையாம். மண்டபத்துல கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், நான் சாப்புட்டுட்டுக் கேமராவப் பக்கத்துல வச்சுட்டுத் தூங்குறேனாம். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஈ மொய்க்குதுன்னு அவ துண்டால விசிறிக்கிட்டே இருக்காளாம். அவ்வளவுதாங்க படம்னு சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல.

ஓட்டி விட்டதுல எனக்கு அது தெரியல தம்பி. ஏதோ ஒரு கை ஆடுன மாதிரி இருந்துச்சு. கேசட்டுக் கோளாறுன்னு நெனச்சேன்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க, பையை எடுத்துக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிக்கிறேன்னு கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க. ராஜபாளையம் டிக்கெட்டுதான், இருந்துட்டுப் போகுது. திருமங்கலம் போற வண்டி எதுத்தாப்புலதானே நிக்கும்? போயி முதல்லேருந்து போடணும். ஓட்டாம, சத்தத்தோட. நான் தூங்குனா எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதுல்ல தம்பி. இத்தன வருசமா அதப் பாத்தது அவ ஒருத்திதான்.